நனைந்த தானியமும் மைனிங்கில் ஓடிய கார்டும்

 

சில மாதங்களுக்கு முன், லுஹர் தொழுகை முடிந்து அமர்ந்திருந்தபோது எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த சகோதரர் ஒருவர் அருகில் வந்து அமர்ந்தார். அவருடைய மகள் அனிமேஷன் படிப்பவள். வீட்டில் இருந்தபடியே சிறு சிறு வேலைகளை எடுத்துச் செய்து குடும்பத்துக்கு உதவவும் தொடங்கியிருந்தாள். அந்த வேலைக்குக் கணினியில் நல்ல கிராபிக்ஸ் கார்டு தேவைப்பட்டது. புதியது வாங்க வசதியில்லை. ஆகவே, நம் ஜமாஅத்தைச் சேர்ந்த இளைஞர் ஒருவரிடம் பழைய கார்டு ஒன்றை 24,000 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறார். வீட்டில் கேம் விளையாட மட்டும் பயன்படுத்தியது, அதிகம் ஓடவில்லை என்று விற்றவர் சொல்லியிருக்கிறார். நாற்பது நாள் ஆகவில்லை. திரையில் கோடுகள் தோன்றின, பிறகு படமே வரவில்லை. பழுது பார்ப்பவர் கார்டைக் கழற்றிப் பார்த்துவிட்டு, “பாய், இது மைனிங்கில் இரவு பகலாக ஓடிய கார்டு. மேலே கழுவித் துடைத்துக் கொடுத்திருக்கிறார்கள்” என்று கூறிவிட்டார்.

“ஹஸ்ரத், பணம் போனது ஒரு பக்கம். ஐந்து வேளையும் ஒரே ஸஃப்பில் நிற்கிறோமே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?” என்று அவர் கேட்டார். என்னால் உடனே பதில் கூற இயலவில்லை. காரணம், விற்ற அந்த இளைஞர் என் மதரஸாவில் ஓதியவர். கொடுக்கல் வாங்கல் பற்றிய ஹதீஸ்களை மனனம் செய்து ஒப்பித்து ஆண்டு விழாவில் பரிசு பெற்றவர். அப்பரிசை அவர் கையில் கொடுத்தவன் நான்.

அவரைக் குறை கூறுவதற்காக இதை நான் எழுதவில்லை. இன்று நம் பிள்ளைகள் பலர் இத்தகைய பொருள்களை வாங்குகிறார்கள், விற்கிறார்கள். பெற்றோர்களுக்கோ அந்தப் பொருள் இன்னதென்றே தெரிவதில்லை. ஆகவே அதன் விவரத்தையும் மார்க்கத்தின் நிலைப்பாட்டையும் சேர்த்தே பார்ப்பது நன்று.

மைனிங் என்பது என்ன?

கிராபிக்ஸ் கார்டு என்பது கணினியில் படங்களையும் காட்சிகளையும் உருவாக்கித் தரும் பாகம். ஒரே நேரத்தில் ஏராளமான கணக்குகளைச் செய்யும் திறன் அதற்கு உண்டு. 2015 ஆம் ஆண்டு தொடங்கிய எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தின் கணக்குப் பதிவேட்டைச் சரிபார்க்கும் பணிக்கு இந்தத் திறன் பயன்பட்டது. கார்டுகளை இரவு பகலாக ஓடவிட்டுக் கணக்குப் போடுபவர்களுக்கு அந்த நாணயத்திலேயே வெகுமதி கிடைத்தது. இதற்குத்தான் மைனிங் என்று பெயர். 2020, 2021 ஆம் ஆண்டுகளில் நாணயத்தின் மதிப்பு ஏறியபோது, ஆறு கார்டு, எட்டு கார்டு என ஒரே சட்டத்தில் பொருத்தி வீட்டு அறைகளிலும் கிடங்குகளிலும் பலர் ஓட்டினார்கள். கடைகளில் கார்டு கிடைப்பதே அரிதாயிற்று.

2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் தன் முறையை மாற்றிக்கொண்டது. கார்டுகளைக் கொண்டு கணக்குப் போடும் தேவை அன்றோடு அதில் நீங்கியது. வேறு நாணயங்களில் அவ்வளவு வருமானம் இல்லை. அதனால் உலகெங்கும் பெருந்தொகையான கார்டுகள் பழைய பொருள் சந்தைக்கு வந்து சேர்ந்தன. சென்னை ரிச்சி தெருவிலும், இணைய விளம்பரங்களிலும், வாட்ஸ்அப் குழுக்களிலும் பழைய கார்டு தேடுபவர் இன்றும் அவற்றைச் சந்திக்க நேரிடும். கை மாறிக் கை மாறி, முதலில் எங்கே ஓடியது என்று விற்பவருக்கே தெரியாத கார்டுகளும் அவற்றுள் உண்டு.

கார்டுக்கு என்ன நேர்கிறது?

ஓர் எளிய கணக்கைப் பாருங்கள். நாள்தோறும் மூன்று மணி நேரம் கேம் விளையாடும் பிள்ளையின் கார்டு ஓராண்டில் 1,095 மணி நேரம் ஓடும். மைனிங்கில் இரவு பகல் நில்லாமல் ஓடும் கார்டு அதே ஓராண்டில் 8,760 மணி நேரம் ஓடும். அதாவது மைனிங்கில் ஓராண்டு என்பது வீட்டில் எட்டாண்டு. சுழலும் ஃபேனின் தேய்மானத்துக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தும்.

எத்தீரியம் மைனிங் கார்டின் மெமரியைத்தான் அதிகம் வருத்தியது. ஆகவே மைனிங் செய்தவர்கள் மின்செலவைக் குறைக்கக் கார்டின் மைய வேகத்தைத் தாழ்த்தி, மெமரியின் வேகத்தை உயர்த்தி வைப்பது வழக்கம். ஜிடிடிஆர்6எக்ஸ் வகை மெமரி கொண்ட ஆர்டிஎக்ஸ் 3080, 3090 போன்ற கார்டுகளில் மெமரியின் வெப்பம் 110 டிகிரியைத் தொட்டு, கார்டு தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் நிலையும் ஏற்பட்டதுண்டு. வெப்பத்தைக் கடத்துவதற்காக உள்ளே வைக்கப்பட்டிருக்கும் தெர்மல் பேடும் பேஸ்ட்டும் நாளடைவில் காய்ந்து பயன் இழக்கின்றன. ஆர்எக்ஸ் 570, 580 போன்ற கார்டுகளில் அதிக வருமானத்துக்காக உள்ளிருக்கும் பயாஸ் நிரலையே மாற்றி எழுதியவர்களும் உண்டு.

நீதியோடு இன்னொன்றையும் கூற வேண்டும். மைனிங்கில் ஓடிய கார்டு எல்லாமே கெட்டது என்பது உண்மையன்று. ஒரே சீரான வெப்பத்தில், தூசு இல்லாத இடத்தில், மின்சாரத்தைக் குறைத்து ஓட்டப்பட்ட கார்டு, ஃபேனும் பேடும் மாற்றியபின் பல்லாண்டு நன்றாக உழைக்கக்கூடும். அறிந்து, சோதித்து, குறைந்த விலைக்கு வாங்கியவர்கள் பயனடைந்தும் இருக்கிறார்கள். ஆனால் அந்தப் பயனுக்கு அடிப்படை, வாங்குபவர் அறிந்து வாங்குவது. அந்த அறிவைத்தான் நம் சகோதரரிடமிருந்து மறைத்துவிட்டார்கள்.

முதலில் எழும் கேள்வி

இப்படியொரு கார்டைப் பற்றிப் பேச்செடுத்தால் நம்மவர்கள் முதலில் கேட்பது, “கிரிப்டோவுக்குப் பயன்பட்ட பொருளாயிற்றே, வாங்குவது ஹலாலா?” என்பதுதான். கேள்வியில் பேணுதல் இருக்கிறது. அல்லாஹ் அதற்குக் கூலி தருவானாக! கிரிப்டோ நாணயத்தைப் பற்றி இக்கால அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. 2018 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எகிப்தின் முஃப்தி பிட்காயின் வணிகம் கூடாதென்று தீர்ப்பளித்தார். இந்தோனேசியாவின் உலமா சபையும் 2021 நவம்பரில் அதை நாணயமாகப் பயன்படுத்துவது ஹராம் என அறிவித்தது. மலேசியாவின் பங்குச் சந்தை ஆணையத்தின் ஷரீஅத் ஆலோசனைக் குழுவோ, 2020 ஆம் ஆண்டு நிபந்தனைகளுடன் டிஜிட்டல் சொத்து வணிகத்தை அனுமதித்தது. மைனிங்கில் பொருளீட்டியவர் தம் வருமானத்தைக் குறித்துத் தாம் நம்பும் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறட்டும்.

ஆனால் கார்டைப் பொறுத்தவரை விஷயம் எளிது. அது சுயமாகவே ஹராமான பொருளன்று. மதுவோ பன்றி இறைச்சியோ அன்று. அதைக் கொண்டு முன்பு ஒருவர் செய்த செயல் தவறு என்றே வைத்துக்கொண்டாலும், அந்தத் தவறு செய்தவரைச் சேருமே தவிர உலோகத்திலும் பிளாஸ்டிக்கிலும் ஒட்டிக்கொண்டு வருவதில்லை. மதீனாவில் வட்டியில் ஈடுபட்டிருந்த யூதர்களோடும் நபி (ஸல்) அவர்கள் கொடுக்கல் வாங்கல் வைத்திருந்தார்கள். தம் இரும்புக் கவசத்தை ஒரு யூதரிடம் அடமானம் வைத்து 30 ஸாஉ வாற்கோதுமை பெற்றிருந்த நிலையில்தான் அவர்கள் இவ்வுலகைப் பிரிந்தார்கள். ஆகவே ஆகுமான வேலைக்காக அத்தகைய கார்டை வாங்குவதில் தடையில்லை.

கவலைக்குரியது என்னவென்றால், இந்தக் கேள்வியோடு நம் பேணுதல் நின்றுவிடுகிறது. கிரிப்டோ ஹராமா என்று பல மணி நேரம் விவாதிக்கும் அதே இளைஞர், கார்டை விற்கும்போது அதன் வரலாற்றை மறைப்பது ஹராமா என்று ஒரு நிமிடம் யோசிப்பதில்லை. முதலாவதில் கருத்து வேறுபாடு உண்டு. இரண்டாவதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடே இல்லை.

“கார்டு நன்றாகத்தானே ஓடுகிறது?”

விற்பவர்கள் கூறும் முதல் சமாதானம் இது. ஓடுகிற பொருளில் குறை என்று எதைச் சொல்ல வேண்டும் என்கிறார்கள். மார்க்கச் சட்ட நூல்களில் ‘ஐப்’ எனப்படும் குறைக்குத் தெளிவான அளவுகோல் கூறப்பட்டிருக்கிறது. வணிகர்களின் வழக்கத்தில் எது ஒரு பொருளின் விலையைக் குறைக்குமோ அது குறை. பொருள் உடைந்திருக்க வேண்டும் என்ற அவசியமில்லை.

இந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு சந்தைக்குச் செல்லுங்கள். கேமுக்குப் பயன்பட்ட கார்டையும் மைனிங்கில் ஓடிய அதே கார்டையும் அருகருகே வைத்தால் இரண்டுக்கும் ஒரே விலை கிடைக்குமா? கிடைக்காது. கிடைக்காது என்பதை அறிந்துதானே விற்பவர் அதை மறைக்கிறார்! மறைக்கத் தோன்றுவதே அது குறை என்பதற்குப் போதுமான சான்று. அதைக் குறையில்லை என்று உண்மையாகவே கருதுபவர் விளம்பரத்தின் முதல் வரியிலேயே எழுதிவிடலாமே.

“அவர் கேட்கவில்லையே?”

இரண்டாவது சமாதானம் இது. கேட்டால் உண்மையைச் சொல்வேன், கேட்காததை ஏன் சொல்ல வேண்டும் என்கிறார்கள்.

மதீனாவின் கடைவீதியில் நபி (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலைக் கடந்து சென்றபோது அதனுள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. இது என்னவென்று வினவினார்கள். மழையில் நனைந்துவிட்டது என்று வணிகர் பதில் கூறினார். மக்கள் பார்க்கும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபியவர்கள், ஏமாற்றுபவருக்கும் தமக்கும் தொடர்பில்லை என்ற கடும் எச்சரிக்கையையும் விடுத்தார்கள். அபூஹுரைரா (ரலி) அவர்கள் வழியாக முஸ்லிம் நூலில் பதிவாகியுள்ள செய்தி இது.

ஒவ்வோர் ஆண்டும் இந்த ஹதீஸை நான் பாடம் நடத்துகிறேன். இதில் இரண்டு நுட்பங்கள் உள்ளன. ஒன்று, மழை அந்த வணிகர் செய்த குற்றமன்று. அவர் பொய் சொன்னதாகவும் செய்தியில் இல்லை. கேட்டதும் உண்மையைக் கூறிவிட்டார். அப்படியிருந்தும் அது ஏமாற்று எனப்பட்டது. மற்றொன்று, ஈரத்தை யாரும் கேட்பதற்கு முன்பே அது கண்ணில் படும்படி இருந்திருக்க வேண்டும். கேட்டால் சொல்வது போதுமென்றால் அவ்வணிகர் மீது குறையே இல்லையே!

மைனிங்கில் ஓடிய கார்டு நம் காலத்தின் நனைந்த தானியம். மேலே கழுவித் துடைத்துப் பளபளப்பாக்கி வைக்கிறோம். ஈரம் உள்ளே இருக்கிறது. கையை விட்டுப் பார்க்கும் அறிவும் கருவியும் எல்லா வாடிக்கையாளருக்கும் இருப்பதில்லை.

கழுவித் துடைப்பதும், பேஸ்ட் மாற்றுவதும், புது ஃபேன் போடுவதும் தவறில்லை. அவை பொருளுக்குச் செய்யும் நன்மை. பழையதைப் புதியது போலக் காட்டுவதற்காக மட்டும் அவற்றைச் செய்வதே தவறு. பால் கறக்காமல் சில நாள் விட்டு, மடி பெருத்திருக்கும் ஆட்டையோ ஒட்டகத்தையோ சந்தைக்குக் கொண்டுவருவதை நபியவர்கள் தடுத்தார்கள். அவ்வாறு ஏமாந்து வாங்கியவர் விரும்பினால், கறந்த பாலுக்கு ஈடாக ஒரு ஸாஉ பேரீச்சம்பழத்துடன் அந்தப் பிராணியைத் திருப்பிக் கொடுக்கும் உரிமையையும் வழங்கினார்கள். தோற்றத்தைக் கொண்டு விலையை ஏற்றும் தந்திரம் புதிதன்று. அன்று மடி, இன்று பளபளக்கும் அட்டைப்பெட்டி.

“இருப்பது இருப்பதுபோல் விற்கிறேன்”

மூன்றாவதாக, “உள்ளது உள்ளபடி, திருப்பி எடுக்க மாட்டேன்” என்று ஒரு வரி எழுதிவிட்டால் பொறுப்பு நீங்கிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். எந்தக் குறைக்கும் நான் பொறுப்பல்லன் என்ற நிபந்தனையுடன் விற்பதை ஹனஃபி மத்ஹபு ஏற்கிறது; ஷாஃபிஈ மத்ஹபு அதற்கு மிகக் குறுகிய இடமே அளிக்கிறது. நம் தமிழகத்தில் இரு மத்ஹபினரும் வாழ்கிறார்கள் என்பதால் இந்த வேறுபாட்டை அறிந்திருப்பது நல்லது. ஆயினும் தனக்குத் தெரிந்த குறையை மறைத்து விற்பது பாவம் என்பதில் இரு மத்ஹபுகளும் ஒன்றுபடுகின்றன. ஒப்பந்தம் செல்லுமா என்பது வேறு, மறுமையில் பதில் கூற முடியுமா என்பது வேறு.

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் துணி வணிகர். குறையுள்ள துணியொன்றை, குறையைச் சொல்லி விற்கும்படி தம் கூட்டாளியிடம் ஒப்படைத்தார்கள். அவர் மறதியாகச் சொல்லாமல் விற்றுவிட்டார். வாங்கியவர் யாரென்றும் தெரியவில்லை. அதன் முழுத் தொகையையும் இமாமவர்கள் தர்மம் செய்துவிட்டதாக அவர்களின் வரலாற்றில் காண்கிறோம். மறந்ததற்கே இந்த நிலை!

கார்டின் முன்வரலாறு உண்மையாகவே தெரியாதவர் என்ன செய்வது? “எனக்குத் தெரியாது, இன்ன இடத்தில் வாங்கினேன்” என்று அதையே சொல்லிவிட வேண்டும். தெரியாததைத் தெரியாது என்பதும் உண்மைதான். தெரியாமலே “மைனிங்கில் ஓடவில்லை” என்று உறுதி கூறுவது பொய்ச் சாட்சியத்துக்கு நெருக்கமானது.

வாங்குபவருக்கும் கடமை உண்டு

விற்பவரை மட்டும் சொல்லி முடித்துவிட்டால் நீதியாகாது. வாங்குபவர் தம்மால் இயன்றவரை விசாரிக்க வேண்டும். எதற்குப் பயன்பட்டது, எத்தனை மாதம் ஓடியது, கழற்றப்பட்டதா, பயாஸ் மாற்றப்பட்டதா, பில்லும் வாரண்டியும் உண்டா என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். பதிலை எழுத்திலும் வாங்கிக்கொள்ள வேண்டும். கார்டைக் கணினியில் பொருத்தி அரை மணி நேரமாவது கடும் வேலை கொடுத்துப் பார்க்க வேண்டும். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் கார்டின் உண்மையான வகையைக் காட்டும். எச்டபிள்யூஇன்ஃபோ மெமரியின் வெப்பத்தைக் காட்டும். ஃபேனில் இரைச்சலோ ஆட்டமோ இருக்கிறதா எனப் பார்க்க வேண்டும். இவை தெரியாதவர் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்லட்டும். அல்லாஹ்வின் மீது தவக்குல் வைப்பதென்பது ஒட்டகத்தைக் கட்டிய பின் வைப்பதுதான்.

விற்பவர் உண்மையைச் சொல்லிவிட்டால் அதையே ஆயுதமாக்கி அடிமாட்டு விலைக்குக் கேட்பதும் நேர்மையன்று. மக்களின் பொருள்களை மதிப்புக் குறைக்க வேண்டாமென்று ஷுஐப் (அலை) அவர்கள் தம் சமூகத்தாரை எச்சரித்ததைக் குர்ஆன் நமக்கு எடுத்துரைக்கிறது. ஜரீர் இப்னு அப்தில்லாஹ் (ரலி) அவர்களுக்காக ஒரு குதிரை 300 திர்ஹமுக்குப் பேசி முடிக்கப்பட்டது. குதிரையைக் கண்ட ஜரீர் (ரலி), இது அதைவிட உயர்ந்தது என்று விற்பவரிடம் தாமே கூறி, படிப்படியாக விலையை உயர்த்தி 800 திர்ஹம் கொடுத்ததாக அறிவிக்கப்படுகிறது. ஒவ்வொரு முஸ்லிமுக்கும் நலம் நாடுவேன் என்று நபியவர்களிடம் பைஅத் செய்தவரல்லவா அவர்! இன்று நம்மிடையே உண்மை பேசும் விற்பனையாளர் அரிதாகிப் போனதற்கு, உண்மை பேசியவரை நாம் தண்டித்ததும் ஒரு காரணம்.

அந்த இளைஞர்

அன்று மாலையே அந்த இளைஞரை அழைத்து வைத்துப் பேசினேன். “தம்பி, தானியக் குவியல் ஹதீஸ் நினைவிருக்கிறதா?” என்று கேட்டேன். அறிவிப்பாளர் பெயரோடு தடையின்றி ஒப்பித்தார். ஒப்பித்து முடித்ததும் தலையைக் குனிந்துகொண்டார். “ஹஸ்ரத், அது தானியத்தைப் பற்றியது என்றே நினைத்துவிட்டேன்” என்றார்.

அந்தச் சொல் அவரைவிட என்னைத்தான் அதிகம் சுட்டது. தானியம், ஆடு, ஒட்டகம், அடிமை, பேரீச்சை என்று நூலில் உள்ள உதாரணங்களையே இருபது ஆண்டுகளாகச் சொல்லிக் கொடுத்துவிட்டு, செல்போனுக்கும் பைக்கிற்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் அவற்றைப் பொருத்திக் காட்டாமல் விட்டவர்கள் நாங்கள். பிள்ளைகள் சட்டத்தை மனனம் செய்துகொண்டார்கள். சந்தையில் அதை அடையாளம் காணக் கற்றுக்கொள்ளவில்லை.

அவர் முழுத் தொகையையும் இரு தவணைகளில் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவரிடம் அதே வகைக் கார்டுகள் இன்னும் நான்கு இருந்தன. பதினான்கு மாதம் மைனிங்கில் ஓடியவை, ஃபேன் மாற்றப்பட்டவை என்று எழுதி மீண்டும் விளம்பரம் செய்தார். இரண்டு கார்டுகள் எதிர்பார்த்ததைவிட ஏழாயிரம் ரூபாய் குறைவாக விற்றன. மீதி இரண்டை இன்னும் யாரும் கேட்கவில்லை. உண்மை சொன்னால் உடனே இலாபம் கொட்டும் என்று நான் அவருக்கு வாக்களிக்கவில்லை. வாங்குபவரும் விற்பவரும் உண்மை பேசி, உள்ளதைத் தெளிவுபடுத்தினால் அவர்களின் வியாபாரத்தில் பரகத் உண்டாகும்; மறைத்துப் பொய் கூறினால் அந்தப் பரகத் அழிக்கப்படும் என்பது நபிமொழியின் கருத்து. பரகத் என்பது எப்போதும் ரூபாய்க் கணக்கில் வருவதில்லை. இப்போது அந்தச் சகோதரரும் இவரும் ஸஃப்பில் அருகருகே நிற்க முடிகிறது. அந்த ஏழாயிரத்தைவிட இது பெரிது.

பெற்றோர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். உங்கள் பிள்ளை ஒரு பழைய பொருளை விற்கப் போகிறான் என்று தெரிந்தால், எவ்வளவுக்கு விற்றாய் என்று கேட்பதற்கு முன், என்னென்ன சொல்லி விற்றாய் என்று கேளுங்கள். மதரஸாவில் நாங்களும் இவ்வாண்டு முதல் அந்த ஹதீஸை நடத்தும்போது மேசையின் மீது ஒரு பழைய கிராபிக்ஸ் கார்டை வைத்து நடத்துகிறோம்.

கொடுக்கல் வாங்கலில் உண்மையைப் பேணும் மக்களாக நம்மையும் நம் சந்ததியினரையும் வல்ல அல்லாஹ் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.